மரகதம் பிறக்கும் விதம்

நவரத்தினங்களுள் மரகதத்தை அறியாதவர் நம் நாட்டில் இரார். பாட்டியின் அட்டிகையிலே கெம்புக்குப் பக்கத்தில் ஒரு பச்சை. மணப்பெண்ணின் பதக்கத்தின் நடுவே ஒரு பச்சை. ஸ்வாமியின் திருவாபரணத்திலே ஒரு பச்சை. "மரகத மேனி" என்று சொன்னாலே நம் மனக்கண்முன் தோன்றும் நிறம் ஒன்று உண்டு. இவ்வளவு பழகிய பொருளாயினும், "இந்தக் கல் பூமியிலே எப்படி உண்டாயிற்று?" என்று வீட்டுக் குழந்தை கேட்டுவிட்டால் நம்மில் பலர் விழிக்கத்தான் வேண்டும்.

நம் முன்னோர் இக்கேள்வியைக் கேளாமல் இருந்தவர்களல்லர். வலாசுரன் என்பவனுடைய பித்தத்தை வாசுகி கொண்டுசென்ற பொழுது கருடன் மறித்ததாகவும், அப்பொழுது கீழே விழுந்த பித்தமே மரகதமாயிற்றென்றும் புராணம் கூறும். கதை இருக்கட்டும். பச்சை நிறத்துக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும், அதுவும் எங்கிருந்தோ வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அக்கதைக்குள் இருக்கிறதல்லவா? பூகர்ப்ப சாஸ்திரிகள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து கண்டதும் ஒருவகையில் இதையே ஒத்திருக்கிறது. மரகதம் தனியே பிறப்பதன்று; வெகு தூரத்திலிருந்து வந்த இரு பொருள்களின் சந்திப்பினால் பிறப்பது. அச்சந்திப்பு எவ்வளவு அருமையானது என்பதையே இங்கு விளக்க முற்படுகிறோம்.

கல்லின் குலம்

பச்சையாயிருப்பதெல்லாம் மரகதமன்று. பாங்காக் நகரத்தில் 'மரகத புத்தர்' என்று உலகப் புகழ் பெற்ற திருவுருவம் ஒன்று இருக்கிறது. அது உண்மையில் மரகதத்தால் ஆனதன்று. வேறொரு பச்சைக் கல்லில் செதுக்கப்பட்டது. ஒரு கல்லின் குலத்தை நிர்ணயிப்பது நிறமன்று. அதனுள் அடங்கியுள்ள மூலப் பொருள்களும், அவை அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்குமேயாம்.

மரகதம் 'பெரில்' என்னும் படிக இனத்தைச் சேர்ந்தது. பெரிலியம், அலுமினியம், மணலின் சத்தாகிய சிலிகன், பிராணவாயு ஆகிய நான்கும் ஒரு திட்டமான விகிதத்தில் கூடி, அறுகோணத் தூண் வடிவில் அடுக்கப்பட்டால் அது பெரில். தூய பெரிலுக்கு நிறமே கிடையாது. தெளிந்த நீரைப் போலிருக்கும். அதில் சிறிது இரும்பு சேர்ந்தால் கடல் நீரின் நீலம் உண்டாகிறது. மாங்கனீஸ் சேர்ந்தால் ரோஜா நிறம். குரோமியம் அல்லது வனேடியம் சேர்ந்தால் மட்டுமே மரகதப் பச்சை. அதுவும் பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சேர்ந்திருக்கும். அந்த அற்பப் பங்கைத்தான் நாம் பொன் கொடுத்து வாங்குகிறோம்!

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நம் அட்டிகையில் பச்சைக்கு அருகே பதிக்கும் கெம்புக்குச் சிவப்பு நிறம் கொடுப்பதும் இதே குரோமியந்தான். கெம்பின் படிகத்திலே குரோமிய அணுவுக்கு இருக்கும் இடம் நெருக்கமானது. அங்கே அது பச்சை ஒளியை உண்டு, சிவப்பை வெளியே விடுகிறது. மரகதத்திலே இடம் சற்றுத் தாராளம். அங்கே அது செம்மஞ்சள் ஒளியை உண்டு, பச்சையை வெளியே விடுகிறது. ஒரே ஆசாமி, குடியிருக்கும் வீட்டுக்குத் தக்கபடி இருவேறு குணம் காட்டுகிறான்.

இரு சொற்களின் பிரயாணம்

'பெரில்' என்ற சொல்லைக் கேட்டதும் அது ஏதோ அந்நியச் சரக்கு என்று வாசகர்கள் எண்ண வேண்டா. அது கிரேக்கரின் 'பெருல்லொஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. கிரேக்கரோ அதை நம் நாட்டுப் பிராகிருதமாகிய 'வேருளிய' என்ற சொல்லிலிருந்து பெற்றனர். நமது 'வைடூரியம்' அதன் உடன்பிறந்தது. மூலச்சொல் தென்னாட்டுக்குரியது என்று கருதும் மொழிநூலார் உளர். கண்ணாடிக்கு ஜெர்மானியர் வழங்கும் 'பிரில்லெ' என்ற பெயரும் இதன் வழிவந்ததே. இன்று நாம் வைடூரியம் என்று வேறொரு கல்லைச் சொல்லுகிறோம். பண்டைக் காலத்தில் அப்பெயர் பெரிலைக் குறித்தது.

'மரகதம்' என்ற சொல் எதிர்த்திசையில் பிரயாணம் செய்தது. கிரேக்கரின் 'ஸ்மராக்டொஸ்' என்பதற்கும் இதற்கும் உறவுண்டு. மேற்காசியாவிலிருந்து இரு புறமும் பரவிய சொல் இது என்பது மொழிநூலார் பலரின் துணிபு. காரணமும் தெளிவு. பண்டை உலகத்திற்கு மரகதம் அளித்த பெருஞ் சுரங்கங்கள் எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் ஸிகைத் என்ற இடத்தில் இருந்தன. அப்பிரதேசத்திலே, செங்கடற் கரையிலிருந்த பெரெனிகே துறைமுகத்தில், தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடும், ஒரு பெரிய ஜாடி நிறைய நம் நாட்டு மிளகும் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன.

ஆகவே, பெரில் என்னும் பெயர் நம்மிடமிருந்து மேற்கே சென்றது. மரகதம் என்னும் பெயர் மேற்கேயிருந்து நம்மிடம் வந்தது. இரண்டும் ஒரே இனத்துக் கற்கள் என்பது மட்டும் வெகு நாள் நிரூபணமாகவில்லை. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் ரோமானியப் பேரறிஞர், இரண்டும் ஒரே தன்மையுடையனவோ என்ற ஐயத்தை எழுதி வைத்தார். அதை நிச்சயப்படுத்த மேலும் ஆயிரத்தெழுநூறு ஆண்டுகள் வேண்டியிருந்தன.

பாரிஸ் நகரத்துப் பரிசோதனை

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நகரில் ஆயி என்ற பாதிரியார் ஒருவர் இருந்தார். படிகங்களின் முகங்கள் ஒன்றோடொன்று கூடும் கோணங்களை அளப்பதே அவருடைய தவம். பெரிலையும் மரகதத்தையும் அளந்து பார்த்தவர், இரண்டும் ஒரே அமைப்புடையவை என்று கண்டு, தம் நண்பரும் ரஸாயன நிபுணருமான வோக்லான் என்பவரைச் சோதித்துப் பார்க்கும்படி கேட்டுக் கொண்டார்.

வோக்லான் 1797-ம் ஆண்டில்தான் ஸைபீரியாவிலிருந்து வந்த ஒரு சிவந்த தாதுவிலிருந்து குரோமியத்தைக் கண்டுபிடித்திருந்தார். மறு ஆண்டு, அதாவது 1798-ல், மரகதத்தைப் பொடித்துக் கரைத்துப் பார்க்கையில் அதே குரோமியம் அதிலும் இருப்பதைக் கண்டார். அதோடு, பெரிலிலும் மரகதத்திலும் அதுகாறும் ஒருவரும் அறியாத ஒரு புது மூலகம் இருப்பதும் வெளிப்பட்டது. அதன் உப்புக்கள் தித்தித்தன என்பதால் முதலில் 'இனிப்புச் சத்து' என்று பொருள்படும் பெயர் கொடுத்தார்கள். (அது விஷப் பொருள் என்பது பின்னர் தெரிந்தது, கல்லுக்குள் கட்டுண்டிருக்கும் வரையில் அதனால் தீங்கில்லை.) முடிவில் நிலைத்த பெயர் பெரிலியம். 1828-ல் வோலர், புஸ்ஸி என்ற இருவர் தனித்தனியே அதை உலோகமாகப் பிரித்தெடுத்தனர்.

1932-ல் சாட்விக் என்ற ஆங்கில விஞ்ஞானி அணுவின் உட்பொருளாகிய நியூட்ரானைக் கண்டறிந்ததும் இந்தப் பெரிலியத்தைக் கொண்டே. 2021-ம் ஆண்டில் ஆகாயத்துக்கு அனுப்பப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் 18 கண்ணாடித் துண்டுகளும் பெரிலியத்தால் செய்து பொற்பூச்சு இட்டவை. நம் பெண்டிர் அணியும் பதக்கத்திலும், நட்சத்திரங்களின் தொடக்கத்தைத் தேடும் கருவியிலும் பொன்னும் பெரிலியமும் கூடியிருப்பதை எண்ணினால் வியப்பாயிருக்கிறது.

சேராத இருவர்

இப்பொழுது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மரகதத்துக்குப் பெரிலியமும் வேண்டும், குரோமியமும் வேண்டும். ஆனால் பூமியிலே இவ்விரண்டும் வாழும் இடங்கள் வேறு.

பூமியின் மேலோட்டிலுள்ள பாறையைச் சராசரியாக ஒரு டன் எடுத்தால் அதில் பெரிலியம் 2 அல்லது 3 கிராம்தான் இருக்கும். குரோமியம் சுமார் 100 கிராம் இருக்கலாம். பூமியின் உள்ளே, மேலோட்டுக்கும் கீழேயுள்ள கனத்த கரும்பாறையிலோ, ஒரு டன்னுக்கு இரண்டு கிலோவுக்கு மேலேயே குரோமியம் உண்டு. குரோமியம் ஆழத்துவாசி, கனத்த, கரிய, பசும் பாறைகளை விட்டு எளிதில் பிரியாது.

பெரிலியத்தின் போக்கு வேறு. உருகிய பாறைக் குழம்பு ஆறும்பொழுது ஒவ்வொரு தாதுவாக உறைகிறது. உறையும் படிகங்கள் தம் வடிவத்துக்கேற்ற அணுக்களை மட்டும் சேர்த்துக் கொள்ளும். பெரிலியத்தின் அணு மிகச் சிறியது. எந்தப் படிகத்திலும் பொருந்தாமல் வெளியே தள்ளப்படும். பாகு காய்ச்சிக் கற்கண்டு விளைவிக்கும்போது, சர்க்கரை படிகமாகிவிட, அழுக்கும் அந்நியப் பொருள்களும் மிச்சப் பாகில் தங்கிவிடுகின்றன அல்லவா? அதுபோலக் கருங்கல் உறைந்து முடிந்த பிறகு எஞ்சும் கடைசிக் குழம்பில் பெரிலியம் திரண்டு நிற்கிறது. நீரும் ஆவியும் மிகுந்த இந்தக் கடைசிக் குழம்பு, சுற்றியுள்ள பாறையின் பிளவுகளில் பாய்ந்து, பெரும் பெரும் படிகங்களுடன் உறைகிறது. இதற்குப் பெக்மடைட் என்று பெயர். காக்காய்ப் பொன் என்று நாம் வழங்கும் அப்பிரகத்தின் பெரிய ஏடுகள் கிடைப்பதும் இப்பாறையிலேதான்.

எனவே, பெரிலியம் இலேசான வெண்பாறைகளின் சொத்து. குரோமியம் கனத்த கரும்பாறைகளின் சொத்து. பெரிலியம் மட்டும் உள்ள இடத்தில் வெறும் பெரிலே விளையும். குரோமியம் மட்டும் உள்ள இடத்தில் மரகதத்தின் வாசனையும் இராது. இருவரையும் கூட்டிவைக்கும் சந்தர்ப்பம் எங்கே நேர்கிறதோ அங்கேதான் மரகதம். இயற்கை இதற்கு முக்கியமாக இரண்டு வழிகளைக் கையாண்டிருக்கிறது.

முதல் வழி: நெருப்பின் வழி

வெண்பாறையின் கடைசிக் குழம்பு பாய்ந்து செல்லும் பிளவு, தற்செயலாகக் கரும்பாறை ஒன்றின் ஊடே அமைந்துவிடுகிறது என்று வைத்துக் கொள்வோம். நிலத்தின் கீழே பல மைல் ஆழத்தில், 400 முதல் 600 டிகிரி வரை உஷ்ணத்தில், இரண்டும் ஒன்றை ஒன்று தொடுகின்றன. குழம்பிலிருந்து கசியும் வெந்நீர் பெரிலியத்தைச் சுமந்துகொண்டு கரும்பாறைக்குள் ஊறுகிறது. கரும்பாறை தன் குரோமியத்தை விட்டுக் கொடுக்கிறது. தொடும் எல்லை முழுவதும் கரும்பழுப்பு நிற அப்பிரகமாக மாறிவிடுகிறது. அந்த அப்பிரக ஏடுகளின் நடுவே அறுகோணத் தூண்களாக மரகதம் வளர்கிறது. அந்த எல்லை சில இடங்களில் ஓரிரு முழ அகலந்தான். அதற்கு அப்பால் இரு புறமும் எவ்வளவு தோண்டினாலும் பயனில்லை.

ருஷ்யாவின் யூரல் மலைகளில் விளைந்தது இவ்விதமே. 1830-31 குளிர்காலத்தில் மக்ஸிம் கொஷெவ்னிகோவ் என்ற குடியானவன், காற்றில் சாய்ந்த மரத்தின் வேர்களிடையே பச்சைக் கற்களைக் கண்டெடுத்தான். அதிலிருந்து பெருஞ் சுரங்கங்கள் எழுந்தன. ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் கஃபுபு பிரதேசமும் இவ்வகையே. அங்கே 2021-ம் ஆண்டு ஜூலையில் 7,525 காரட், அதாவது ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஒரே மரகதப் படிகம் அகப்பட்டது.

நம் நாட்டிலும் இவ்வழியே. 1943-ம் ஆண்டில், உலக யுத்தம் நடந்து கொண்டிருந்த காலத்தில், உதயபுரிப் பகுதியில் காலிகுமான் என்ற இடத்தில் மரகதம் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு ஆஜ்மீர் அருகே ராஜ்கட், பூபானி முதலிய இடங்களிலும் கிடைத்தது. ஆரவல்லி மலைத்தொடரிலே வெண்பாறை நாளங்கள் கரும்பாறைகளை ஊடுருவிய கோடு எங்கே செல்கிறதோ, அங்கேயே இச்சுரங்கங்களும் வரிசையாய் அமைந்தன.

வடமேற்கே ஸ்வாத் பள்ளத்தாக்கின் வரலாறு இன்னும் அற்புதமானது. நமது பாரத பூமி ஒரு காலத்தில் தனித் தீவாக இருந்து, வடக்கே நகர்ந்து, ஆசியாவோடு மோதி இமயமலையை எழுப்பிற்று என்பதை வாசகர்கள் அறிவார்கள். அப்பொழுது இடையிலிருந்த கடலின் அடித்தளப் பாறை நசுங்கி மேலே தள்ளப்பட்டது. அது குரோமியம் நிறைந்த பாறை. பிறகு பெரிலியம் சுமந்த வெந்நீர் அதில் ஊறவே, மிங்கோராவின் அருகில் மரகதம் விளைந்தது. இரு கண்டங்கள் மோதிய காயத்திலே ஊறிய பச்சை அது.

இரண்டாம் வழி: உப்பு நீரின் வழி

உலகத்திலே மிகச் சிறந்த மரகதங்கள் தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டைச் சேர்ந்த முஸோ, சிவோர் என்ற இடங்களிலிருந்து வருகின்றன. அங்கே சென்று பார்த்த சாஸ்திரிகள் நெடுநாள் திகைத்தனர். சுற்றுப்புறத்தில் வெண்பாறைக் குழம்பும் இல்லை. கனத்த கரும்பாறையும் இல்லை. கடலடியில் சேறு படிந்து இறுகிய கரிய களிப்பாறையின் வெடிப்புகளில், வெள்ளைக் கால்சைட் படிகங்களின் மத்தியில் மரகதம் இருந்தது. பெற்றோர் இருவரும் இல்லாத இடத்தில் பிள்ளை மட்டும் இருந்தால் எப்படி?

விடை இதுதான். ஆதியில் சேறாயிருந்த அக்களிப்பாறையில் பெரிலியம், குரோமியம், வனேடியம் மூன்றும் மிகச் சிறு அளவில், சாதாரணப் பாறையில் உள்ளபடியே, கலந்திருந்தன. அதோடு பண்டைக் கடல் வற்றியதால் படிந்த உப்புப் படுகைகளும் அங்கே இருந்தன. ஆண்டிஸ் மலைத்தொடர் எழும்பத் தொடங்கியபோது அப்பகுதி நெருக்குண்டது. நிலத்தடி நீர் உப்பைக் கரைத்துக்கொண்டு சுமார் 300 டிகிரி உஷ்ணத்தில் பிளவுகள் வழியே பாய்ந்தது. கொதிக்கும் அவ்வுப்பு நீர், களிப்பாறையை அரித்து, அதிலிருந்த அற்பப் பெரிலியத்தையும் குரோமியத்தையும் திரட்டிக் கொண்டது.

களிப்பாறை கருமையாயிருப்பதற்குக் காரணம் அதில் மக்கிய பண்டைக் கடல் உயிர்களின் கரி. நீரிலிருந்த கந்தக உப்புக்களும் இக்கரியும் கலந்து ரஸாயன மாறுதல் உண்டாயிற்று. அதனால் தோன்றிய கந்தக வாயு அங்கிருந்த இரும்பைப் பற்றிக்கொண்டு, பொன்னைப் போல் மின்னும் பைரைட்டாக உறைந்தது. மற்றொரு புறம் கால்சைட் படிந்தது. நீர் தன் சுமையைத் தாங்கமாட்டாமல் பெரிலியத்தையும் கீழே விட்டது. மரகதம் பிறந்தது. இரும்பு பைரைட்டில் சிறைப்பட்டு விட்டதால் இம்மரகதத்தில் இரும்பு சேரவில்லை. நிறம் மங்காததற்கு அதுவே காரணம். சிவோரில் இது நிகழ்ந்து ஆறரைக் கோடி ஆண்டுகளாயின. முஸோவில் மூன்றரைக் கோடி ஆண்டுகள் இருக்கலாம். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் கிரேவலோட் என்ற இடத்து மரகதமோ ஏறக்குறைய முந்நூறு கோடி ஆண்டு வயதுடையது.

இந்தக் கொலம்பியக் கற்களுக்கும் நம் தேசத்துக்கும் தொடர்புண்டு. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் அந்நாட்டைக் கைப்பற்றினர். முஸோ குடியினர் பல்லாண்டு எதிர்த்துப் போராடியும் அடிமைப்பட்டு, தங்கள் மலையையே தங்கள் கையால் தோண்ட வேண்டியவராயினர். அவ்வாறு எடுத்த கற்களுக்குச் சிறந்த கிராக்கி இருந்த இடம் மொகலாய தர்பார். 1695-ம் ஆண்டு வெட்டப்பட்டு, ஒரு பக்கம் பிரார்த்தனை எழுத்துக்களும் மறுபக்கம் பூவேலையும் கொண்ட 217.80 காரட் மரகதம் ஒன்று ஔரங்கசீப் காலத்தது. அது 2001-ல் லண்டனில் ஏலம் போயிற்று. அக்கல்லும் கொலம்பியாவில் பிறந்ததே. ஒரு மலைக்குடியின் கண்ணீர் மற்றொரு தேசத்தின் தலைப்பாகையில் மின்னியது.

தோட்டமா? தோஷமா?

இனி, வீட்டிலுள்ளவர்களுக்கு நேரே பயன்படும் ஒரு விஷயத்தைச் சொல்லுவோம்.

பழைய பச்சை ஒன்றை விற்கவோ அடகு வைக்கவோ கொண்டு சென்றால், கையில் எடுத்துப் பார்த்த உடனே, "இதில் கீற்று ஓடுகிறதே, தோஷமுள்ள கல், வீட்டில் வைத்திருக்கலாகாது" என்று சொல்லும் வியாபாரிகள் உண்டு. சொல்வதைக் கேட்டுப் பயந்து, கிடைத்ததை வாங்கிக்கொண்டு கொடுத்து விடுகிறவர்களும் உண்டு. அதே சமயம், மாசு மறுவற்ற பளபளப்பான பச்சைக் கண்ணாடியை "உத்தமமான கல்" என்று பெரு விலை கொடுத்து வாங்குகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் கணவனை இழந்த பெண்களும், பெண்ணின் கல்யாணத்துக்காகத் தவிக்கும் பெற்றோருமே இவ்விதம் ஏமாறுகிறார்கள். இதற்கெல்லாம் கல்லின் பிறப்பை அறியாமையே காரணம்.

மரகதம் அமைதியான இடத்தில் விளைந்ததன்று. நிலம் நெருங்கி, முறிந்து, வெந்நீர் பீறிட்டு ஓடிய இடத்தில் அது வளர்ந்தது. வளரும்போதே வெடித்து, வெடிப்பு ஆறி, மீண்டும் வளர்ந்தது. ஆகவே கீற்றில்லாத இயற்கை மரகதம் மிக மிக அபூர்வம். கீற்றுக்கள் மிகுதியாயிருப்பதனால்தான் அது ஆற்றோட்டத்தில் அடிபட்டுப் பிழைப்பதில்லை. இலங்கையின் இரத்தினபுரியில் ஆற்று மணலை அலசி நீலமும் கெம்பும் பொறுக்குகிறார்கள். மரகதத்தை அப்படிப் பொறுக்குவதற்கில்லை.

அக்கீற்றுக்களுக்கும் துகள்களுக்கும் பிரெஞ்சுக்காரர் 'தோட்டம்' என்று அழகாகப் பெயரிட்டிருக்கின்றனர். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அத்தோட்டமே கல்லின் ஜாதகம். கொலம்பியக் கல்லினுள் நுண்ணிய அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையிலும் சிறிது நீர், ஒரு வாயுக்குமிழ், ஒரு சதுர உப்புக்கட்டி ஆகிய மூன்றும் அடைபட்டிருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பாய்ந்த உப்பு நீர்தான் அது. சூடு ஆறியபோது கரைந்திருந்த உப்பு கட்டியாயிற்று. யூரல் கல்லில் மூங்கிற் கழி போன்ற குச்சிகள். நம் ராஜஸ்தானத்துக் கல்லில் அப்பிரகத் துகள்களும், காற்புள்ளி வடிவான நீரறைகளும். கண்ணாடியில் இவை ஒன்றும் இரா. உருண்டைக் குமிழ்களும் சுழிகளுமே இருக்கும். தோஷம் என்று நாம் தள்ளியதே உண்மைக் கல்லுக்குச் சாட்சி!

விஞ்ஞானிகள் இந்த ஜாதகத்தை இன்னும் நுட்பமாக வாசிக்கிறார்கள். கல்லிலுள்ள பிராணவாயுவில் இலேசான அணுவும் கனத்த அணுவும் உண்டு. அவற்றின் விகிதம் சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும். பிரெஞ்சு நிபுணர்கள் சிலர் இம்முறையால் பல பழைய மரகதங்களைச் சோதித்து 2000-ம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். ஹைதராபாத் நிஜாமின் பொக்கிஷத்தைச் சேர்ந்த கற்களில் பெரும்பாலானவை கொலம்பியாவில் பிறந்தவை என்று தெரிந்தது. ரோமானியர் ஆண்ட காலத்தில் பிரான்ஸ் நாட்டுப் பெண் ஒருத்தி அணிந்த காதணியின் மரகதமோ ஸ்வாத் பள்ளத்தாக்கிலிருந்து சென்றது! கிழக்கு நாடுகளில் மரகதம் விளைவதில்லை என்று தவெர்னியே என்ற பிரெஞ்சு இரத்தின வணிகர் பதினேழாம் நூற்றாண்டில் எழுதி வைத்தார். அக்காதணி அவருக்கு மறுமொழி சொல்லிவிட்டது.

வீட்டுக்கு மேலும் இரண்டு வார்த்தைகள். கீற்றுக்களை மறைப்பதற்காக மரகதத்துக்கு எண்ணெய் ஊட்டுவது உலகெங்கும் உள்ள பழைய வழக்கம். ஆகவே பச்சை பதித்த நகையைக் கொதிநீரில் போட்டுக் கழுவலாகாது. எண்ணெய் வெளியேறிக் கீற்றுக்கள் பளிச்சென்று தெரியும், சில சமயம் கல்லே வெடிக்கும். இளஞ்சூட்டு நீரில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். மற்றொன்று: மனிதரும் மரகதம் விளைவிக்கின்றனர். 1888-லேயே பாரிஸில் சிறு படிகங்கள் செய்து காட்டினர். 1930-க்குப் பிறகு அது வியாபாரமாகவே வளர்ந்தது. அவையும் பொருளால் மரகதமே. ஆனால் விலை வேறு. ஆதலால் பெரிய தொகை கைமாறும் முன்னர் நல்ல பரிசோதனைச் சாலையில் காட்டிச் சான்று பெறுவதே விவேகம்.

கொங்கு நாட்டுப் பாடம்

மரகதத்தின் கதையை வாசிக்க யூரலுக்கும் கொலம்பியாவுக்கும் போக வேண்டுவதில்லை. நமது கொங்கு நாட்டிலேயே அப்பாடம் மூன்று பக்கங்களாக எழுதப்பட்டிருக்கிறது.

முதற்பக்கம், காங்கயத்தை அடுத்த படியூர். அங்கே வெண்பாறை நாளத்தில் கடல் நீலப் பெரில் விளைந்தது. ரோமாபுரிச் செல்வர் விரும்பிய பெரில் இப்பகுதியிலிருந்தே சென்றதென்பது ஆராய்ச்சியாளர் கருத்து. கோவை வட்டாரத்தில் ரோமானியக் காசுகள் குடம் குடமாகக் கிடைத்ததும், நொய்யற் கரையில் கொடுமணலில் கல்லிழைக்கும் பட்டடைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டதும் அதற்குத் துணையாகின்றன. 1819-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பியர் ஒருவர் படியூரில் தோண்டி ஏராளமான கற்களை எடுத்துச் சென்றார். அங்கே பெரிலியம் இருந்தது; குரோமியம் இல்லை. ஆகையால் நீலம் விளைந்தது, பச்சை விளையவில்லை.

இரண்டாம் பக்கம், நாமக்கல்லுக்கு அருகில் உள்ள சித்தம்பூண்டி. அங்கே மிகப் பழைய ஆழத்துப் பாறைகளில் குரோமியத் தாது இருக்கிறது. பெரிலியம் இல்லை; மரகதமும் இல்லை.

மூன்றாம் பக்கம், சேலத்தை அடுத்த சங்ககிரி வட்டாரம். அங்கே வெண்பாறை நாளம் கரும்பாறையைத் தொட்டது. எல்லையில் அப்பிரகம் உண்டாயிற்று. 1990-க்குப் பின் அங்கே மரகதம் கிடைத்த செய்தி இரத்தின சாஸ்திரப் பத்திரிகைகளில் வெளியாயிற்று. கிடைத்தது சிறிதே, ஆயினும், நாம் மேலே விவரித்த விதி நம் கண்ணெதிரில் மெய்ப்படுவதற்கு அது போதும்.

இந்த மூன்று ஊர்களையும் ஒரே நாளில் வண்டியேறிப் பார்த்துவிடலாம். உயர்தரப் பள்ளியில் படிக்கும் ஒரு பையனோ பெண்ணோ இவற்றைப் பார்த்துவிட்டால், புஸ்தகத்தில் நூறு பக்கம் படித்தாலும் பதியாதது மனத்தில் பதியும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நாம் உலகத்துக்குப் பெரிலைக் கொடுத்தோம். அதன் பெயரையும் கொடுத்தோம். அதற்குள் இருந்தது என்ன என்று கேட்டவர் மட்டும் பாரிஸிலே பிறந்தார். கல்லை விற்றோம், கல்லின் கதையைப் பிறர் சொல்லக் கேட்டோம். இன்று மரகதத்துக்குப் பட்டை தீட்டுவதில் ஜெய்ப்பூர் உலகப் புகழ் பெற்றிருக்கிறது. கைத்திறனில் நாம் யாருக்கும் குறைந்தவரல்லர். கேள்வி கேட்கும் பழக்கமும் அதோடு சேர வேண்டும்.

பெரிலியமும் குரோமியமும் தனித்தனியே கிடந்தவரையில் ஒன்று வெறுங் கல். மற்றொன்று வெறுந் தாது. பழமையான நம் கைத்திறனும் புதுமையான விஞ்ஞானமும் அவ்வாறே தனித்தனியே கிடக்கின்றன. இவற்றைக் கூட்டிவைக்கக் கோடி ஆண்டுகள் வேண்டியதில்லை. வீட்டில் குழந்தை கேட்கும் கேள்விக்குப் பொறுமையாக விடை சொல்லும் பெற்றோரும், சித்தம்பூண்டி எங்கே இருக்கிறதென்று காட்டும் ஆசிரியரும் போதும்.